நான்கு கதவுகளும் திறந்த கார்

செப்டம்பர் 4, திங்கள்

காரைத் தர மாட்டேன் என்று நான் சொன்னதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. "என் காரில் சத்தம் சரியில்லை என்பதை என் காதுக்கு நிரூபியுங்கள், நானே காரை ஷெட்டில் விட்டுவிடுகிறேன்" என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அது தெரியாதவர்கள் எங்கள் தெருவில் அதிகம் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

நேற்று டெல்வின் கர்டோசா வீட்டில் அன்பியக் கூட்டம். சங்குகுளித் தெருவின் இருபத்தாறு கத்தோலிக்கக் குடும்பங்களும் சேர்ந்ததுதான் எங்கள் அன்பியம். அதற்கு இந்த வருடம் டெல்வின் தலைவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னும் கிரேன் மேலே உட்கார்ந்திருப்பதாகத்தான் பேசுகிறார்.

ஒவ்வொரு அக்டோபரிலும் மாதா சுரூபம், அதாவது சிலை, தினம் ஒரு வீடாகப் போகும். என் காரின் பின் இருக்கையில் வைத்துத்தான் கொண்டு போவோம். வீட்டு வாசலில் கார் நின்றதும் நான்கு கதவுகளையும் திறந்து வைப்போம். கதவுகளில் இருக்கும் ஸ்பீக்கரில் ஜெபமாலை ஒலிக்கும், பத்துப் பத்தாக ஐம்பது மந்திரம். பதிவில் இருக்கும் குரல் மந்திரத்தின் முன்பாதியைச் சொல்லி நிறுத்தும். தெரு பின்பாதியைச் சொல்லும். தெருமுனையில் நர்ஸிங் ஹோம் இருப்பதால் பெட்டி ஸ்பீக்கர் வைக்க முடியாது. அதனால் என் கணவர் கஸ்பார் கொரைரா 1999-இல் செய்த ஏற்பாடு இது. அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஏற்பாடு போகவில்லை. காரை நான்தான் ஓட்டுகிறேன். பதிவில் இருப்பது என் குரல்.

நேற்று டெல்வின் எழுந்து, இந்த வருடம் அவருடைய புதுக் காரில் சுரூபத்தைக் கொண்டு போகலாம் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"கோவிச்சுக்கிடாதீய ஆன்ட்டி. போன வருஷம் தகர டப்பாவுக்குள்ள இருந்து ஜெபம் சொன்ன மாதிரி இருந்துச்சு."

சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் நான்கு பேருக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவள் நான்.

பங்குத் தந்தை ஃபாதர் ஜெரோம் சமாதானமாக ஒரு வழி சொன்னார். செப்டம்பர் 30, சனிக்கிழமை மாலை அவரே வந்து என் காரின் சத்தத்தைக் கேட்பார். நன்றாக இருந்தால் என் கார். இல்லையென்றால் டெல்வினுடையது. அக்டோபர் முதல் நாள், ஞாயிறு, பவனி தொடக்கம். ஒப்புக்கொண்டேன். டெல்வின் வீட்டு டீயைக் குடிக்கவில்லை.

செப்டம்பர் 6, புதன்

காலையில் மொட்டை மாடித் தொட்டி கழுவ ஆள் வந்தார். மூலையில் பாசியை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். திரும்ப மேலே அனுப்பினேன்.

அதன் பிறகு ஷெட்டுக்குப் போய்க் காரில் பதிவைப் போட்டுக் கேட்டேன். நேர்மையாக எழுதுகிறேன்: டெல்வின் சொன்னது முழுப் பொய்யல்ல. முன் கதவுகளில் குரல் கரகரக்கிறது. பின் கதவுகளில் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. பேசுபவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. எல்லாப் பக்கமும் இருக்கிறார், எங்கேயும் இல்லை. கதவை விரலால் தட்டினால் எண்ணெய் டின் போல அதிர்கிறது. இருபத்தைந்து வருடக் கடல் காற்று. இந்த ஊரில் சாவி கூட உப்புப் பூக்கிறது.

செப்டம்பர் 7, வியாழன்

பஜாரில் ஒரு கார் ஸ்பீக்கர் கடைக்குப் போனேன். பெயரை எழுதி அதைக் கௌரவிக்க விரும்பவில்லை. டிக்கியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பெட்டி வைக்க வேண்டும், நீல விளக்கு எரியும் என்றான் கடைப் பையன். ஜெபமாலைக்கு நீல விளக்கு எதற்கு என்றேன். "கெத்தா இருக்கும் பாட்டி" என்றான். நான் யாருக்கும் பாட்டி இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பைபாஸ் ரோட்டில் மசூது என்று ஒருவர் இதே வேலை செய்கிறாராம். சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம்.

செப்டம்பர் 9, சனி

மசூதுக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் கிரீஸ் இல்லை. நான் பேச ஆரம்பித்ததும் பொறுங்கம்மா என்று சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். புது ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று சொல்வார் என எதிர்பார்த்து, மறுத்துப் பேசத் தயாராக இருந்தேன். அவர் சொன்னது வேறு.

"ஸ்பீக்கரை அப்புறம் பாப்போம்மா. முதல்ல கதவு. நல்ல ஸ்பீக்கரை ஓட்டைக் கதவுல மாட்டினா அதுவும் இப்படித்தான் கத்தும்."

கதவின் உள்பலகையைக் கழற்றினார். நான்கு கிளிப்பில் இரண்டு ஏற்கெனவே உடைந்திருந்தன. அவர் உடைக்கவில்லை என்பதை நின்று பார்த்து உறுதி செய்துகொண்டேன். உள்ளே பாலித்தீன் தாள் கிழிந்து தொங்கியது. கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை உப்பும் மண்ணும் அடைத்திருந்தன. அங்கே துரு. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஈரத்தில் ஊறி ஓரம் நைந்திருந்தது. ஜன்னல் கண்ணாடி இறங்குவதற்காக உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். ஸ்பீக்கருக்கு முன்பக்கம் வரும் சத்தமும் பின்பக்கம் போகும் சத்தமும் அந்த ஓட்டைகள் வழியே சந்தித்து, ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றனவாம். அந்த ஓட்டைகளை அடைத்தால் பாதி வேலை முடிந்தது என்றார்.

இத்தனை வருடம் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கஸ்பாரும்தான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பூசைக்குப் பிறகு டெல்வினின் மனைவி வந்து, வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். நன்றாகப் போகிறது என்றேன். அவள் கேட்டது அதற்காக அல்ல என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 13, புதன்

மூன்று நாளாக மசூது கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நான் பக்கத்தில் இருந்தால் வேலை ஓடாது என்று முதல் நாள் சாடையாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். நேற்று மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

துருவைச் சுரண்டி மருந்து பூசியாயிற்று. வெளித்தகட்டின் உட்புறம், தார் போல ஒட்டும் கனமான ஒரு தாளை ஒட்டி, சின்ன உருளையால் அழுத்தினார். ஓரத்தில் ஒரு குமிழி இருப்பதைக் காட்டினேன். முதலில் அப்படி எதுவும் தெரியவில்லை என்றார். விரலை வைத்துக் காட்டினேன். ஆமாம் என்றார். பெரிய ஓட்டைகளைத் தகடு வைத்து மூடினார். தண்ணீர்த் துளைகளை மட்டும் திறந்தே விட்டார். அதையும் அடைத்தால் அடுத்த மழையில் கதவு தொட்டியாகிவிடுமாம்.

ஸ்பீக்கர் உட்கார ஒரு வளையம் வேண்டும். பழைய பிளாஸ்டிக் வளையம் விரிசல் விட்டிருந்தது. படகு கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் பிளைவுட்டில் வெட்டி, படகுக்கு அடிக்கும் வார்னிஷையே அடித்திருக்கிறார். இந்த ஊரில் அதுதான் நிற்கும் என்றார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்று ஒரு விஷயம் கண்டுபிடித்தார். சாதாரண டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து ஒவ்வொரு கதவின் வயரிலும் தொட்டுக் காட்டினார். மூன்று கதவுகளில் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே துள்ளியது. முன் இடது கதவில் மட்டும் உள்ளே போயிற்று. வயரை யாரோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மற்றவை முன்னால் தள்ளும்போது இது பின்னால் இழுத்திருக்கிறது. குரல் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

"எத்தனை வருஷமா இப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"மாட்டின நாள்ல இருந்தும்மா."

மாட்டியவர் கஸ்பார்.

செப்டம்பர் 16, சனி

முடிந்தது. நான்கு கதவுகளிலும் நடுத்தரமான புது ஸ்பீக்கர்; முன்னால் கண்ணாடி மூலையில் கீச்சுச் சத்தத்துக்கென்று சின்னதாக இரண்டு. ஸ்பீக்கருக்கும் கதவுப் பலகைக்கும் நடுவே பஞ்சுப் பட்டை, சத்தம் பலகைக்குள் போகாமல் காருக்குள் வருவதற்காக. இப்போது கதவைத் தட்டினால் சுவரைத் தட்டுவது போல இருக்கிறது. மூடினால் வேறு யாருடைய காரோ என்று தோன்றுகிறது.

முதலில் ரேடியோ வைத்தார். செய்தி வாசிப்பவர் டாஷ்போர்டின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். காகிதத்தைப் புரட்டுவதும் மூச்சு இழுப்பதும் கேட்டது. கைக்குட்டையை எடுக்க வேண்டியிருந்தது; கடையில் தூசு.

பிறகு, பழைய டேப்பிலிருந்து என் மகன் ஏற்றித் தந்த பென்டிரைவைக் கொடுத்தேன். முதல் பத்து மணி மந்திரம் ஒலித்தது. என் குரல். திருத்தமாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. கான்வென்ட்டில் மதர் இம்மாகுலேட் என் வாயில் கூழாங்கல் வைத்துப் பழக்கிய உச்சரிப்பு. போதும் என்று நிறுத்தச் சொன்னேன். வயர்களைக் கட்டி முடிக்கும் வரை ஓடட்டும் என்று சொல்லி அவர் ஓட விட்டுவிட்டார். நான் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது மசூது கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டாவதா சொல்றவங்க நல்லாச் சொல்றாங்கம்மா. யாரு அவங்க?"

இரண்டாவது ஆள் யாரும் இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார். சரிம்மா என்றார்.

செப்டம்பர் 17, ஞாயிறு

பூசைக்குப் போனேன். கோயில் மின்விசிறி கிறீச்சிடுகிறது. யாரும் எண்ணெய் விடுவதில்லை.

அந்தப் பதிவைப் பற்றி ஒன்று எழுதி வைக்க வேண்டும். 1999 மார்ச். எங்கள் வீட்டு முன்னறை. கஸ்பார் டேப்ரிக்கார்டரை நாற்காலி மேல் வைத்தார். என் மகன் ரொனால்டுக்கு அப்போது பதினான்கு வயது. பட்டனை அழுத்தியது அவன். எனக்கு லேசாகத் தொண்டைக் கட்டு. பெரிதாக ஒன்றும் இல்லை. கஸ்பாரின் தங்கை எமிலியாவும் இருந்தாள். உதவிக்காக.

எமிலியா இதே தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறாள். பாதிரியார்களின் திரு உடைகள் தைக்கிறாள். அவளும் நானும் பேசிப் பத்தொன்பது வருடம். காரணம், அவள் சொன்ன ஒரு பொய். 2004-இல் கோயில் திருவிழா அசன விருந்தில், இலை போட்டுக்கொண்டிருந்த பெண்களிடம், "அந்த ஜெபமாலையில முக்காவாசி நானாக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் என் காதுக்கு வந்தது. அப்போதைய பங்குத் தந்தை முன்னால் விசாரணை நடந்தது. அவள் தவறை ஒப்புக்கொண்டாள். அத்தோடு முடிந்தது.

எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதால் எழுதினேன். வேறு காரணம் இல்லை.

செப்டம்பர் 18, திங்கள்

திரைச்சீலைகளைத் துவைத்தேன். வெயில் இல்லை. காயவில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

ஷெட் கதவை மூடிக்கொண்டு, காருக்குள் உட்கார்ந்து, பதிவு முழுவதையும் கேட்டேன். இருபத்திரண்டு நிமிடம்.

பழைய ஸ்பீக்கர்களில் முன்பாதிக்கும் அடுத்த முன்பாதிக்கும் நடுவே வெறும் இரைச்சல்தான் இருந்தது, தெரு பதில் சொல்வதற்கான இடைவெளி. இப்போது அந்த இடைவெளிகளில் அறை கேட்கிறது. சுவர்க் கடிகாரம் கேட்கிறது. யாரோ இருமுவது கேட்கிறது. மூன்றாம் பத்தின் நடுவில், இரண்டு மந்திரங்களுக்கு இடையே, கம்மிய ஒரு குரல் கிசுகிசுக்கிறது:

"மெதுவா, எமிலி. வார்த்தைய முழுங்காத."

என் குரல். அதைச் சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால் நான்தான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் சொல்வேன்.

செப்டம்பர் 20, புதன்

மசூது கடைக்குப் போனேன். சத்தம் கொஞ்சம் அதிகத் தெளிவாக இருக்கிறது, குறைக்க வேண்டும் என்றேன். வால்யூமைக் குறைக்கலாமே என்றார். வால்யூம் அல்ல, தெளிவு என்றேன். கண்ணாடி மூலையில் இருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களைக் கழற்றிவிடலாம். முன் இடது கதவின் வயரை முன்பு இருந்தபடியே மாற்றிக் கொடுக்கலாம். உள்தகட்டில் மூடிய ஓட்டைகளில் ஒன்றிரண்டைத் திறந்துவிடலாம். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இந்த இரண்டு வாரத்தில் எனக்கு இந்த வேலை தெரிந்துவிட்டது.

அவர் ஸ்க்ரூடிரைவரை மேசை மேல் வைத்தார்.

"கெட்டதை நல்லதாக்கத் தெரியும்மா. நல்லா இருக்கிறதைக் கெடுத்துத் தர எனக்குத் தெரியாது. வேற யாருகிட்டயாவது கொண்டு போங்க."

வாடிக்கையாளரிடம் பேசும் முறை இது அல்ல என்றேன். ஆமாம்மா என்றார். என் நாற்காலி வழக்கமான இடத்தில் இருந்தது. நான் உட்காரவில்லை.

செப்டம்பர் 22, வெள்ளி

தோஹாவிலிருந்து ரொனால்ட் பேசினான். வாரம் ஒரு முறை பேசுவான், ஏழு நிமிடம். பதிவில் மூன்றாம் பத்தில் ஓர் இடத்தில் யாரோ இருமுகிறார்கள், அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். எந்த இடம் என்றான். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சத்தம் இருக்கிறது, அதையும் வெட்டிவிடு என்றேன். என்ன சத்தம் என்றான். சும்மா ஒரு கிசுகிசுப்பு என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தான்.

"அத்தைய நீங்க திட்டினதாம்மா? அது இருக்குதுன்னு எனக்குத் தெரியும். பட்டனை அமுக்கினது நான்தானே. நிறுத்தட்டுமான்னு கேட்டேன், அப்பா கையைக் காட்டி வேண்டாம்னுட்டாங்க."

என்ன உளறுகிறாய் என்றேன்.

"உங்களுக்கு முதல் பத்துலயே தொண்டை அடைச்சிட்டு. மிச்சத்தை அத்தைதான் சொன்னாங்க. இதைப் பத்திப் பேசக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாங்க. அதான் நான் பேசுறதில்ல."

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை.

எல்லோரும் பேசாமல் இருந்து எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் யாரிடமும் அப்படிக் கேட்கவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

புதிதாகப் பதிவு செய்வதில் தவறு ஒன்றும் இல்லை. பூசை முடிந்து வந்து ஜன்னல்களை மூடி, போனில் பதிவு செய்யும் பட்டனை அழுத்திவிட்டு ஆரம்பித்தேன். முதல் பத்தில் ஏழாவது மந்திரத்தில் மூச்சு நின்றது. மறுபடி ஆரம்பித்தேன். ஆறாவதில் நின்றது. மாலையில் வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி. ஐந்து.

காரில் போட்டுக் கேட்டேன். போனின் மைக் மட்டமானது. ஒரு கிழவி பேசுவது போலப் பதிவாகியிருக்கிறது. அழித்துவிட்டேன்.

செப்டம்பர் 25, திங்கள்

டெல்வின் வீட்டுக்கு நானே போனேன். கார் விஷயமாக யோசித்துப் பார்த்ததில், இந்த வருடம் சுரூபத்தை உங்கள் காரிலேயே கொண்டு போகலாம் என்றேன். என் காரில் எந்தக் குறையும் இல்லை, ஃபாதரை வந்து சோதிக்கச் சொல்லலாம், ஆனாலும் விட்டுக்கொடுக்கிறேன் என்றேன்.

டெல்வின் எழுந்து நின்றுவிட்டார். அந்த மனிதருக்கு அவ்வளவு பெரிய முகம் இருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்தால் இன்னும் பெரிதாகிறது. நான் இப்படிப் பெருந்தன்மையாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்கவே இல்லையாம். மனைவியைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னார். டீ வந்தது. இம்முறை குடிக்க வேண்டியதாயிற்று. சர்க்கரை அதிகம்.

பதிவைத் தர முடியாது, பென்டிரைவ் பழுதாகிவிட்டது, நீங்களே யாரையாவது வைத்து நேரடியாகச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன்.

"அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீய ஆன்ட்டி. ரொனால்ட் போன வருஷமே அன்பியம் குரூப்ல போட்டிருக்கான். என் வண்டியில ஒரு நிமிஷம் வச்சுப் பாத்தேன். அடேயப்பா, பக்கத்துல உக்காந்து சொல்லுத மாதிரி இருக்கு. முழுசா இன்னும் கேக்கல. ஞாயித்துக்கிழமை மாதாவோட சேந்து கேப்போம்."

டெல்வினின் கார் நல்ல கார். கதவுகளும் நல்லவைதான். வந்த வழியில் நின்று தட்டிப் பார்த்தேன்.

இருபத்தாறு வீடு. முதல் வீட்டிலேயே முடிந்துவிடும்.

செப்டம்பர் 26, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. மூடியில் சீல் சரியில்லை. திருப்பி அனுப்பினேன்.

செப்டம்பர் 27, புதன்

அந்தக் கிசுகிசுப்பு எவ்வளவு தூரம் கேட்கும் என்று தெரிய வேண்டியிருந்தது. காருக்குள் உட்கார்ந்தால் கேட்பது நிஜம். ஆனால் பவனியில் ஜனங்கள் தெருவில் நிற்பார்கள். திறந்த வெளியில் காதுக்கு எட்டாமலே போகலாம். ஊகத்தில் எதையும் முடிவு செய்வது என் பழக்கமல்ல.

காலை பதினொரு மணிக்குத் தெருவில் நடமாட்டம் இருக்காது. காரை வாசலில் நிறுத்தி நான்கு கதவுகளையும் திறந்து வைத்து, மூன்றாம் பத்திலிருந்து ஓட விட்டேன். பவனியில் வைக்கும் அதே அளவு. பிறகு நடந்தேன். ஐந்து அடியில் கேட்டது. பத்து அடியில் கேட்டது. மறுபடி மூன்றாம் பத்தின் தொடக்கத்துக்குக் கொண்டு போய் ஓட விட்டு இருபது அடி போனேன். பக்கத்து வீட்டு லெனோராவின் கேட் வரை போய், காருக்கு முதுகைக் காட்டி நின்று கேட்டேன்.

"மெதுவா, எமிலி. வார்த்தைய முழுங்காத."

கேட்டது.

திரும்பினேன். காருக்கும் எனக்கும் நடுவே, ரோட்டின் அந்தப் பக்கம், கையில் துணிப்பையோடு எமிலியா நின்றுகொண்டிருந்தாள். பஜாரிலிருந்து வந்திருக்கிறாள். பையிலிருந்து ஜரிகைச் சுருள் எட்டிப் பார்த்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. தெருவில் தூரத்தில் பார்க்கும்போது அது தெரிவதில்லை.

அவள் காரைப் பார்த்தாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மந்திரத்தின் முன்பாதியை அவள் குரல் சொல்லி நிறுத்தியது. தெருவில் பின்பாதி சொல்ல எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. இருவரும் சொல்லவில்லை.

அடுத்த மந்திரம். அதன் அடுத்தது.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் மெதுவாத்தான் சொன்னேன், மதினி."

பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். வேகமாகப் போகவில்லை. கதவுகளை ஒவ்வொன்றாக மூடினேன். நான்கு முறை, சுவர் மூடுவது போல.

செப்டம்பர் 28, வியாழன்

அலமாரியின் மேல் தட்டில் ஞானஸ்நானச் சான்றிதழ்களோடு அந்தத் தாள் இருக்கிறது. 2004 ஆகஸ்டில் பங்குத் தந்தை வீட்டில் நான் சொல்லச் சொல்ல எமிலியா எழுதியது. இரண்டு வரி. "ஜெபமாலைப் பதிவில் இருப்பது என் குரல் என்று நான் சொன்னது உண்மையல்ல. அதற்காக வருந்துகிறேன்." கீழே கையெழுத்து. வாயால் சொன்னால் போதும் என்றார் பங்குத் தந்தை. எழுத்தில்தான் வேண்டும் என்றேன்.

எழுதுவதற்கு முன் அவள் அண்ணனைப் பார்த்தாள். கஸ்பார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒன்றும் இல்லை, ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவைக் கேட்டாள். என் பேனாவைக் கொடுத்தேன்.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன் என்று இத்தனை வருடம் நினைத்து வந்தேன். கேட்டிருக்க மாட்டேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

காலையில் ஃபாதர் ஜெரோமுக்குப் போன் செய்து, நாளை மாலை அவர் வந்து என் காரின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது என்றேன். காரை விட்டுக்கொடுத்துவிட்டதாக டெல்வின் சொன்னாரே என்றார். விட்டுக்கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இது நியாயமா என்று கேட்டார். நியாயமில்லைதான். ஆனால் பதிவு யாருடைய காரில் ஒலித்தாலும் அதற்கு முன் நான் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை டெல்வின் கர்டோசாவின் காருக்குப் பக்கத்தில் நின்று சொல்ல மாட்டேன். என் காருக்குப் பக்கத்தில் நின்று சொல்வேன். என்ன வார்த்தைகள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரோடும் சேர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

பிறகு கடிதம் எழுதினேன். மூன்று முறை கிழித்தேன். முதல் இரண்டில் காரணங்கள் இருந்தன. மூன்றாவதில் மன்னிப்பு இருந்தது. கேட்டால் அவள் தர வேண்டியிருக்கும், அந்தத் தொல்லையை அவளுக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. நான்காவதை நானே நடந்து போய் அவள் வீட்டுக் கதவின் அடியில் போட்டுவிட்டு வந்தேன். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டவில்லை. வழியில் எவரிடமும் நின்று பேசவில்லை. அதன் பிரதி:

எமிலியாவுக்கு,

1999 மார்ச்சில் என் வீட்டில் பதிவான ஜெபமாலையில் முதல் பத்து மந்திரங்கள் மட்டும் என் குரல். இரண்டாம் பத்து முதல் கடைசி வரை உன் குரல். 2004-இல் நீ பெண்களிடம் சொன்னது உண்மை. அதன் பிறகு உன்னிடம் நான் எழுதி வாங்கியது பொய் என்பது, வாங்கும்போதே எனக்குத் தெரியும். அந்தத் தாள் இத்துடன் இருக்கிறது. என்னிடம் வேறு நகல் இல்லை.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கார் முதல் வீட்டு வாசலில் நிற்கும். பதிவைப் போடுவதற்கு முன், மேலே எழுதியிருப்பதை ஃபாதர் முன்னாலும் தெரு முன்னாலும் நானே வாசிப்பேன். அதற்கு உன் அனுமதி வேண்டியதில்லை. பதிவைப் போடுவதற்கு உன் அனுமதி வேண்டும், ஏனென்றால் குரல் உன்னுடையது. வேண்டாம் என்றால் போட மாட்டேன்; டெல்வினும் போடாமல் பார்த்துக்கொள்வேன். போடுவதைவிட நேரில் வந்து நீயே சொல்வது மேல் என்று நினைத்தால் காரின் முன் இருக்கை காலியாக இருக்கும்.

மூன்றாம் பத்தை நேற்று மறுபடி நான்கு முறை கேட்டேன். நீ வேகமாகத்தான் சொல்கிறாய். அதை மட்டும் என்னால் மாற்றிச் சொல்ல முடியாது.

யாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம், போனும் வேண்டாம். பதிவைப் போடலாமா, கூடாதா, அல்லது நீ வருகிறாயா என்பதை நாளை சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

கிளாரிஸ் கொரைரா